ஐ.பி. நம்பரை மாத்திட்டா நெட்வொர்க் பிரிஞ்சிடுமா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நெட்வொர்க் போட்டுத் தரும் அண்ணன்களே, பில்லிங் கம்ப்யூட்டருக்கு 192.168.1 வரிசை, கேமராவுக்கு 192.168.2 வரிசை என்று நம்பர் கொடுத்துவிட்டு, "ரெண்டும் தனித்தனி சார், பயமே வேணாம்" என்று ஓனரிடம் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஒரே சாதா சுவிட்ச்சில் சொருகியிருக்கும்வரை எதுவும் பிரியவில்லை. ஒரே ஹாலில் சாக்பீஸ் கோடு போட்டு இரண்டு ரூம் என்று வாடகைக்கு விடுகிற கதைதான். கேமரா ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பில் சொருகி, ஐ.பி.யை 192.168.1 வரிசைக்கு மாற்றினால் கோட்டைத் தாண்டியாச்சு. பிராட்காஸ்ட் எல்லாம் முதலிலிருந்தே எல்லா போர்ட்டுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

கேமராவை எவன் ஹேக் பண்ணுவான் என்கிறீர்களா? 2016-ல் மிராய் மால்வேர் பிடித்ததே பாஸ்வேர்டு மாற்றாத கேமரா, டி.வி.ஆர்., ரூட்டர்களைத்தான்.

நிஜமாகப் பிரிப்பது வி-லேன். 1998-லேயே 802.1க்யூ என்று ஸ்டாண்டர்டு வந்துவிட்டது. ஃப்ரேமில் 4 பைட் டேக், அதில் 12 பிட் வி-லேன் நம்பர், ஆக 4094 வி-லேன் வரை போகலாம். நம்ம பட்டறைக்கு மூன்று போதும்: ஆபீஸ், கேமரா, சி.என்.சி. மெஷின். அதுவும் பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஓடும் மெஷின் என்றால் கட்டாயம் தனி வி-லேன். இதற்கு வேண்டிய எட்டு போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச் சில ஆயிரம் ரூபாய்தான்.

காலேஜ் லேபிலும் இதே கூத்து. பாக்கெட் டிரேசரில் வி-லேன் 10, 20 போடுகிறோம். உடனே ரூட்டர் வைத்து இரண்டுக்கும் பிங் போக வைத்து மார்க் வாங்குகிறோம் :-) ஆக்சஸ் லிஸ்ட் போடாமல் ரூட்டிங் திறந்தால், பிரித்தது எதற்கு? ஒருத்தரும் கேட்பதில்லை.

கூடங்குளத்தில் மால்வேர் புகுந்ததை 2019 அக்டோபர் 30-ல் என்.பி.சி.ஐ.எல். ஒப்புக்கொண்டது. மாட்டியது இன்டர்நெட் உள்ள நிர்வாக நெட்வொர்க்கின் கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாக இருக்கிறது என்றது. அணு உலைக்கு வி-லேன் பத்தாது, ஒயரே தனியாக வேண்டும். பட்டறைக்கு வி-லேனாவது வேண்டாமா?

ஓனர்களே, அந்த லேப்டாப் வேலையை உங்கள் கண் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பில்லிங் கம்ப்யூட்டருக்கு பிங் அடித்து பதில் வராவிட்டாலும் விடாதீர்கள், ஃபயர்வால் தடுத்திருக்கலாம். ஏ.ஆர்.பி. டேபிளைத் திறக்கச் சொல்லுங்கள். பில்லிங் கம்ப்யூட்டரின் மேக் அட்ரஸ் அதில் இருந்தால், பாக்கி பணத்தைக் கொடுக்காதீர்கள்.