சிரிப்புக்கும் பெரிய திரை வேண்டும்

பழைய படங்கள் மறுபடி தியேட்டருக்கு வரும் காலம் இது. அதில் ஒரு நகைச்சுவைப் படத்தின் பெயர் அடிபட்டால் போதும், உடனே ஒரு பேச்சு கிளம்பும்: “காமெடிப் படத்தை எதுக்குத் தியேட்டர்ல போய்ப் பார்க்கணும்? அதான் டிவியில தினம் போடறானே!” பெரிய திரை என்பது போருக்கும் புராணத்துக்கும் கிராபிக்ஸுக்கும்தான், சிரிப்புக்குச் செல்போன் போதும் என்பது இன்று ஏறக்குறைய பொதுக்கருத்து. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) இருக்கட்டும். இந்தப் படத்தை டிவியில் பார்க்காத தமிழ் வீடு குறைவு.

முதல் வாதம்: நம் நகைச்சுவை வசனத்தில் இருக்கிறது, காதால் கேட்டாலே சிரிப்பு வரும். இதை லேசாகத் தள்ள முடியாது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டும், டீக்கடையில் கதை வசன கேசட் கேட்டும் வளர்ந்தவர்கள் நாம். சித்ராலயா கோபுவின் வசனத்துக்கு அந்தப் பலம் உண்டு.

ஆனால் அந்தப் படத்தின் புகழ்பெற்ற காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா (நாகேஷ்), பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் அப்பா விஸ்வநாதனை (பாலையா) உட்காரவைத்துத் திகில் கதை சொல்கிறான். பேசுவதும் சத்தம் எழுப்புவதும் பெரும்பாலும் நாகேஷ். பாலையாவுக்கு அங்கே வசனம் குறைவு, கேட்பதுதான் அவர் வேலை. அந்தக் கேட்பதில்தான் காட்சியின் பாதி உயிர் இருக்கிறது. வேண்டாவெறுப்பாகக் காது கொடுக்கத் தொடங்கும் முகத்தில் மெல்ல ஆர்வம் வருகிறது, பிறகு கலக்கம், கடைசியில் அப்பட்டமான பயம். கதையை நம்பாத மனிதர் கதைக்குள் சிக்கிக்கொள்வதைப் படிப்படியாகக் காட்டுகிறார். செல்போனில் கண் துள்ளுகிற நாகேஷிடமே போகும், பாலையா ஓரத்தில் சின்ன உருவமாகத் தங்கிவிடுவார். பெரிய திரையில் அவருடைய கண்ணும் கன்னமும் தப்பாது. ஒலிச்சித்திரம் நமக்குத் தந்தது நாகேஷை மட்டும்தான்.

நகைச்சுவைக்குப் பிரம்மாண்டம் தேவையில்லை என்பதும் சரித்திரத்துக்கு ஒத்துவராது. பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தி ‘ப்ளே டைம்’ (1967) படத்தை 70 மி.மீ.யில் எடுத்தார். அதில் ஒரே நேரத்தில் திரையின் நாலு மூலையிலும் ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். எதைப் பார்ப்பது என்று ரசிகனைத் திண்டாட வைப்பதுதான் அங்கே நகைச்சுவை. மலைவிளிம்பில் வீடு ஊசலாடும் காட்சியைச் சாப்ளின் ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தில் வைத்தார். அதே சங்கதி நம் ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் இறுதிக்காட்சியில் ஒரு கும்பலோடு வந்தது. யார் எந்தப் பக்கம் சரிகிறார்கள் என்பது உள்ளங்கையளவு திரையில் சரியாகத் தெரியாது.

இரண்டாவது வாதம்: எல்லாருக்கும் மனப்பாடம், தெரிந்த ஜோக்குக்கு யார் சிரிப்பார்கள்? முதலில், நமக்கு உண்மையில் எது மனப்பாடம்? நகைச்சுவைச் சேனல்களும் யூடியூபும் வெட்டிக் கொடுத்த துண்டுகள்தான். திகில் கதைக் காட்சியை நூறு முறை பார்த்தவரிடம், அதற்கு முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று கேளுங்கள், தடுமாறுவார். அப்பாவிடம் பணம் பெயராது என்பதும், சச்சுவைக் கதாநாயகியாக்கப் போகிறேன் என்று செல்லப்பா சுற்றுவதும் தெரிந்திருந்தால்தான் அந்தக் கதை சொல்லலின் அவசரம் புரியும். முத்துராமன் விஷயமும் அப்படித்தான். நண்பன் ரவிச்சந்திரனுக்காகப் பணக்காரக் கிழவர் வேஷம் கட்டி வருகிறவர், தன் சொந்தக் காதலியும் விஸ்வநாதன் வீட்டுப் பெண்தான் என்று கண்டு விழிக்கிறார். அந்த விழிப்புக்குப் படம் வெகுநேரம் அடித்தளம் போட்டிருக்கிறது. துணுக்கில் கிழவர் வேஷம் மட்டும் தெரியும், அடித்தளம் தெரியாது. ரிமோட் கைக்கு எட்டாத இடத்தில் முழுப்படமாக உட்கார்ந்தால்தான் இந்தக் கட்டுமானம் பிடிபடும்.

தெரிந்தால் சிரிப்பு வராது என்பதும் நம் அனுபவத்துக்கு ஒத்துவராத பேச்சு. கதை தெரிந்துதானே விடிய விடியக் கூத்துப் பார்த்தோம்? கட்டியங்காரன் என்ன குறும்பு செய்வான் என்று தெரிந்தே காத்திருந்து சிரித்த ஊர் இது. வரப்போவது தெரிந்தவருக்கு, வருவதற்கு முந்தைய நொடியே சிரிப்பு தொடங்கிவிடும்.

மூன்றாவது வாதம்: பக்கத்து சீட்டுக்காரர் சிரிப்பில் வசனம் காதில் விழாது, வீட்டில் நிம்மதியாகக் கேட்கலாம். போன் பேசுகிறவரைப் பற்றிய புகார் நியாயம், அதற்கு மறுப்பில்லை. ஆனால் கூட்டத்தின் சிரிப்பை இடைஞ்சல் என்பவர் இந்தப் படங்கள் எப்படி உருவாயின என்பதை மறந்துவிடுகிறார். ‘எ நைட் அட் தி ஆப்பரா’ (1935) படப்பிடிப்புக்கு முன்பே மார்க்ஸ் சகோதரர்கள் அதன் காட்சிகளை மேடையில் நடித்துப் பார்த்தார்கள். எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று கவனித்து, அதற்கேற்ப இடைவெளி விட்டார்கள். நம் பக்கத்தில் பாலையாவும் நாகேஷும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். எதிரே கூட்டம் இருக்கிறது என்ற கணக்கு அவர்கள் உடம்பில் ஊறியது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு அரை நொடி நிற்பது கூட்டம் சிரிப்பதற்காக. வீட்டில் தனியாகப் பார்க்கும்போது ‘கொஞ்சம் மெதுவாகப் போகிறதே’ என்று படுவது பல நேரம் அந்த இடைவெளிதான். கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு அடுத்த வரியை விழுங்கும் என்பது உண்மை. விட்டுப்போன வரிக்காக இன்னொரு முறை போவதும் உண்மைதான்.

நான்காவது வாதம்: பழைய பிரதியைப் பெரிதாக்கினால் கீறலும் வெளுத்த நிறமும்தான் தெரியும். டிவிக்காக எடுத்துவைத்த மங்கல் பிரதியைக் கொண்டுவந்து பெரிய திரையில் போட்டால் இந்தப் புகார் நூற்றுக்கு நூறு சரி. அது தியேட்டரின் குற்றமில்லை, பிரதியைத் தயார் செய்தவரின் அலட்சியம். 35 மி.மீ. படச்சுருளில் பழைய டிவி காட்டியதைவிட எவ்வளவோ நுணுக்கம் இருக்கிறது. ‘காதலிக்க நேரமில்லை’க்காக ஈஸ்ட்மென் கலரில் ஏ. வின்சென்ட் பிடித்த மெரினாவும் ஆழியாறும் டிவிப்பெட்டிக்காக எடுக்கப்பட்டவை அல்ல. இன்னொரு அட்டூழியமும் உண்டு. கிட்டத்தட்ட சதுரமான அந்தக் காலப் படத்தை இன்றைய அகலத் திரைக்குப் பொருத்துகிறேன் என்று மேலும் கீழும் வெட்டிவிடுகிறார்கள். நாகேஷின் காலை வெட்டினால் நாகேஷில் பாதி போச்சு. இரு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், படம் முழுசாக வரட்டும்.

கடைசி வாதம் வியாபாரம்: கூட்டம் வராது. 2012இல் டிஜிட்டலில் மெருகேற்றி வந்த ‘கர்ணன்’ ஓடிய ஓட்டமும், 2024இல் ‘கில்லி’ திரும்பி வந்தபோது நடந்த கொண்டாட்டமும் பழைய படத்துக்குக் கூட்டம் வரும் என்று காட்டிவிட்டன. அவை பெரிய நட்சத்திரங்களின் படங்கள் என்பார்கள், ஒப்புக்கொள்கிறேன். அதனால் ஆயிரம் தியேட்டர் வேண்டாம். ஊருக்கு ஒரு சின்ன அரங்கு, ஞாயிறு காலை ஒரு காட்சி, நியாயமான டிக்கெட் விலை, வெட்டாத நல்ல பிரதி, இவை போதும்.

அப்படி ஒரு காட்சி உங்கள் ஊரில் அறிவிக்கப்பட்டால், டிவியில் வரும் என்று தள்ளிப்போடாதீர்கள். ‘காதலிக்க நேரமில்லை’யைப் பார்க்காத பிள்ளைகளையும், முதல் வெளியீட்டில் பார்த்த பெரியவர்களையும் ஒரே வரிசையில் உட்காரவையுங்கள். இவ்வளவு மறுப்பு நான் எழுதியிருக்கவே வேண்டாம், திகில் கதைக் காட்சி வந்ததும் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.