வெள்ளிக்கிழமை ஆறு மணி

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழும்பிய கதையை நாங்கள் பெருமையோடுதான் சொல்லி வந்திருக்கிறோம். 2011 ஜூலையில் தன்னார்வலர்கள் தென்கோடித் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து, நாடெங்குமிருந்து சேர்த்த காசில் வந்த கட்டடம் அது. அதற்கு முந்திய நிலைமை எங்களுக்குத் தெரியும். பெரிய சிகிச்சை என்றால் கொழும்புக்கு அருகே மஹரகம. 2006 ஓகஸ்டில் போரால் ஏ-9 தரைப்பாதை மூடுண்ட பிறகு, கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி எடுக்க அலைந்த நோயாளிகளை எங்கள் ஒழுங்கைகளிலேயே பார்த்தோம். ஆகவே தெல்லிப்பழையில் வாட்டு திறந்தபோது எங்கள் ஊர் நலன்புரிச் சங்கம் சும்மா இருக்கவில்லை. இரத்தம் கொடுத்தோம், வான் பிடித்துக் கொடுத்தோம், கஞ்சி கொண்டு போனோம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊராக்களிடம் காசு சேர்த்தோம்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். எல்லோரும் அல்ல, ஆனாலும் பலர். பத்தொன்பதிலும் இருபத்திரண்டிலும் வருத்தம் வந்து, மருந்தேற்றி, மயிர் கொட்டி, மீண்டும் முளைத்து, வீட்டுக்கு வந்தார்கள். கோயிலில் அர்ச்சனை செய்தோம். அந்த அர்ச்சனையோடு எங்கள் கணக்கை மூடிவிட்டோம். இங்கே எழுதுவது அதைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு நாங்கள் முதலில் கற்றுக்கொடுத்தது ஒளிக்க. "கான்சர் எண்டு வெளியிலை சொல்லாதை தம்பி, நாளைக்குக் கலியாணம் பேசவேணும்." தங்கச்சி இருந்தால் அவளுக்கும் பேச வேண்டும். கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போனது. அப்படி வந்த ஒருவனுக்கு அடுத்த மாதம் ஒன்றுவிட்ட அண்ணனின் கலியாணம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் விமான நிலையத்தில் வாங்கிய போத்தலோடு பின் வளவில் கதிரை போட்டிருந்தார்கள். அவனுக்கு ஒரு கிளாஸ் நீட்டப்பட்டது. வேண்டாமென்றால் ஏனென்று கேட்பார்கள். ஏனென்று சொல்ல அவனுக்கு அனுமதியில்லை. விஷயம் தெரிந்த இரண்டு பேர் அங்கே இருந்தோம். "உயிர் தப்பி வந்தவன், சந்தோசமா இருக்கட்டுமன்" என்று ஒருவர் சொன்னார். மற்றவர் பேசாமல் இருந்தார்.

அந்த இருவரும் எங்கள் சங்கத்து ஆட்கள். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாதென்று 2006இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. தவறணையில் விற்க முடியாத வயதுப் பிள்ளைக்கு நாங்கள் எங்கள் வளவிலேயே வார்த்துக் கொடுத்தோம்.

அந்தக் கிளாஸ் ஒருநாளோடு நிற்கவில்லை. இரவில் நித்திரை வரவில்லை, ஸ்கேன் நாள் நெருங்க நெஞ்சு இடிக்கிறது, கூடப் படித்தவர்கள் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள், இவன் மட்டும் திண்ணையில். வெள்ளிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் நண்பர்கள் வருவார்கள். முதலில் பியர், பிறகு சாராயம். போரில் இழந்தவர்கள் குடியில் இறங்கியதை இந்த மண்ணில் நாங்கள் கண்டவர்கள்தான். துயரம் போத்தலைத் தேடும் என்பது எங்களுக்குப் புதிய செய்தியல்ல. அப்படியிருந்தும் இந்தப் பிள்ளைகளிடம் அதைத் தேடிப் பார்க்கவில்லை. வருத்தம் வேறு, குடி வேறு என்று இரண்டையும் இரண்டு அலுமாரியில் வைத்துவிட்டோம்.

உடம்பு அப்படிப் பிரித்து வைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களின் மார்பு என்று, மது புற்று உண்டாக்கும் இடங்களின் பட்டியல் இன்று நீளும். உடம்புக்குள் போன மது அசெற்றல்டிகைட்டாக மாறி உயிரணுவின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. சாராயமென்றாலும் பியரென்றாலும் பனங்கள்ளென்றாலும் வேலை ஒன்றுதான். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்று சொல்லி வளர்ந்த எங்களுக்கு இது கசக்கும். இன்னொன்றும் இருக்கிறது. நிணநீர்ப் புற்று வந்த இளைஞர்களுக்கு ஏற்றும் மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம், டொக்சோரூபிசின். புற்றை அழிக்கும் அதே மருந்து இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகலாம், அதன் விளைவு பல ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம். அளவு மீறிய குடியும் அதே தசையைத்தான் தளர்த்தும். இதைச் சொல்ல எங்களுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு தாதியிடம் கேட்டிருந்தாலே போதும். கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று எங்களுக்குள்ளே பலமுறை பேசிவிட்டோம். "குடிக்கிறனியோ?" என்று கேட்டால் அவனைக் குடிகாரன் என்று சொன்னதாகிவிடும் என்று பயந்தோம். அதைவிடப் பெரிய பயம், அவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்பது. எங்களில் எத்தனை பேரிடம் அதற்கு நேர்மையான பதில் இருந்தது?

கைபேசி ஒன்றும் எங்களுக்குப் புதிதல்ல. சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. திருவிழா உபயம், மரண அறிவித்தல், காசு சேர்த்த கணக்கு எல்லாம் அதில் ஓடுகிறது. 2020இல் ஊரடங்கு போட்டபோது கிளினிக் நோயாளிகளுக்கு மருந்து வீடு தேடி வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் இலக்கங்களை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்தக் கொப்பி இன்னும் சங்கக் கட்டடத்தில் கிடக்கிறது. மருந்து கிடைத்ததா என்று கேட்க எடுத்த இலக்கங்களை, எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒருமுறைகூட அழுத்தவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற உதவி இலக்கத்தை ஒரு பிள்ளைக்காவது எழுதிக் கொடுத்தோமா? அதுவும் இல்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் 765 இளைஞர்களோடு ஒரு ஆய்வு நடந்தது. முடிவு 2014இல் வெளிவந்தது. அவர்கள் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அல்லர், ஆனாலும் எங்களுக்கு அதில் பாடமிருக்கிறது. வியாழக்கிழமை ஒரு குறுஞ்செய்தி: இந்த வார இறுதியில் குடிக்கும் எண்ணம் உண்டா, எவ்வளவோடு நிறுத்தப் பார்க்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று: எவ்வளவு குடித்தாய்? பதிலுக்கு ஏற்ப ஒரு மறுமொழி. பன்னிரண்டு வாரம். அந்தக் குழுவில் அளவு மீறிய குடி குறைந்தது. ஆனால் இன்னொரு குழுவிடம் ஞாயிற்றுக்கிழமைக் கேள்வியை மட்டும் கேட்டு, பதில் எதுவும் சொல்லாமல் விட்டார்கள். அவர்களிடம் குறையவில்லை. இதை வாசித்தபோது எங்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "எப்பிடி தம்பி, சுகமோ?" என்று ஒழுங்கை முழுக்க நாங்கள் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம், நின்று பதில் கேட்காமல்.

மறைத்து வாழப் பழக்கப்பட்ட பிள்ளைக்குக் கைபேசிதான் ஏற்றது என்று இப்போது எங்களுக்குப் படுகிறது. அவன் எந்த வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை, யாரும் பார்க்கப் போவதில்லை. நாங்கள் அனுப்பும் செய்தியில் வருத்தத்தின் பெயர் இருக்கக் கூடாது; தங்கச்சியும் அதே போனைத்தான் பார்க்கிறாள். எங்கள் பேச்சிலேயே இருக்க வேண்டும், வானொலிச் செய்தித் தமிழில் அல்ல. அவன் பதில் போட்டால் அதே இரவு ஒரு மனிதர் மறுமொழி போட வேண்டும். நாள்தோறும் குடிப்பவன் ஒரேயடியாக விட்டால் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். அப்படியானவனைச் செய்தியோடு விட்டுவிடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும். இந்த வேலைக்கு நாங்கள் போதுமானவர்களா என்று தெரியாததால் ஒரு தாதியிடமும் ஒரு உளவளத்துணையாளரிடமும் கேட்டுக்கொண்டு தொடங்கியிருக்கிறோம்.

கொப்பியிலிருந்து முதலில் அழைத்த இலக்கம் அந்தக் கலியாண வீட்டுப் பிள்ளையுடையது. இப்போது அவனுக்கு வயது இருபத்தாறு. அன்றைக்குக் கிளாஸ் நீட்டியபோது பேசாமல் இருந்தவர்தான் அழைத்தார். அன்று சொல்ல வேண்டியதை இன்று சொல்ல எடுத்தேன் என்று தொடங்கி, மன்னிப்புக் கேட்டு, விஷயத்தைச் சொல்லி முடித்தார். மறுமுனையில் சத்தமில்லை.

"இவ்வளவு நாளும் எங்கை அண்ணை இருந்தனியள்?" என்றான்.

அதற்கு அவரிடம் பதிலில்லை. பிறகு அவனே கேட்டான், எந்த நாளில் செய்தி அனுப்புவீர்கள் என்று. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி என்று யோசித்திருக்கிறோம் என்றார்.

"எட்டு பிந்திப் போயிடும் அண்ணை. ஆறு மணிக்கு அனுப்புங்கோ. அவங்கள் ஏழு மணிக்கு வந்திடுவாங்கள்."