லைபீரியா: துப்பாக்கி ஓய்ந்தது, தீர்ப்பு எப்போது?

2023 நவம்பர். மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று வாக்குகள் எண்ணப்பட்டன. பதவியில் இருந்த முன்னாள் கால்பந்து நட்சத்திரம் ஜார்ஜ் வேயா, ஒரு சதவீதத்தை ஒட்டிய வித்தியாசத்தில் பின்தங்கினார். இறுதி முடிவு வரும் முன்பே எதிரணி வேட்பாளர் ஜோசப் போவாகாயிடம் பேசி வாழ்த்து சொல்லிவிட்டார்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். ஆனால், 20 வருஷத்துக்கு முன்பு அந்த நாட்டில் அதிகாரம் கைமாற ஒரே வழி துப்பாக்கிதான்.

என்ன நடந்தது?

1989-இல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் ஒரு சிறிய இடைவெளி விட்டு 2003 வரை நீடித்தது. சுமார் 2.5 லட்சம் பேர் உயிரிழந்ததாகக் கணக்கிடப்படுகிறது. சிறுவர்களின் கையிலும் துப்பாக்கி திணிக்கப்பட்டது.

அந்த இடைவெளிதான் முக்கியமான பாடம். 1996-இல் சமாதான ஒப்பந்தம் போட்டாச்சு, 1997-இல் தேர்தலும் நடத்தியாச்சு. ஆயுதக் குழுத் தலைவரான சார்லஸ் டெய்லரே அதிபரானார். ஆயுதக் குழுக்களின் வேர் அப்படியே இருந்தது. 1999-இல் மறுபடி போர். ஓட்டுப்பெட்டி மட்டும் வைத்தால் அமைதி வந்துவிடாது என்பதை உலகம் அப்போதுதான் உணர்ந்தது.

இரண்டாவது முறை என்ன மாறியது?

முதலில், உள்ளூர்ப் பெண்கள். லேமா போவீ தலைமையில் கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்கள் வெள்ளை உடையில் தெருவில் உட்கார்ந்தனர். கானாவின் அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்தடிக்கப்பட்டபோது, மண்டப வாசலை மறித்தனர். 2003 ஆகஸ்டில் டெய்லர் பதவி விலகினார், ஒப்பந்தமும் கையெழுத்தானது.

அடுத்து, ஐ.நா. அமைதிப்படை. 15,000 வீரர்கள் வரை அனுப்ப பாதுகாப்பு கவுன்சில் அனுமதித்தது. தொடக்கம் சொதப்பல்தான். 2003 டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது, எதிர்பார்த்ததைவிட பல மடங்கு பேர் திரண்டனர். பணம் கேட்டுக் கலவரம் வெடிக்க, திட்டம் நிறுத்தப்பட்டு 2004 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. கடைசியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். கிடைத்த ஆயுதங்களோ சுமார் 28,000 மட்டுமே.

மூன்றாவது, கஜானா. 2005-இல் வந்த ஒரு திட்டப்படி, அரசின் முக்கியமான செலவுகளுக்கு வெளிநாட்டு நிபுணரும் சேர்ந்து கையெழுத்து போட வேண்டும். இறையாண்மையில் கை வைக்கிறார்கள் என்று விமர்சனம் வந்தது. அதே நேரம், 2010-இல் சுமார் 460 கோடி டாலர் கடன் தள்ளுபடியாக நிதி ஒழுங்கும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. 2007-இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண்கள் பிரிவு தலைநகர் மன்ரோவியாவில் இறங்கியது. ஐ.நா. வரலாற்றில் பெண்கள் மட்டுமே கொண்ட முதல் போலீஸ் பிரிவு அது. 2016 வரை அங்கே பணியாற்றியது. லைபீரியப் பெண்கள் காவல்துறையில் சேர அது தூண்டுகோலாக இருந்தது என ஐ.நா. பாராட்டியது.

2018 மார்ச்சில் அமைதிப்படை விடைபெற்றது. 15 வருஷத்தில் போர் திரும்பவில்லை. இது உண்மையான வெற்றி.

அப்படியென்றால் எது மிச்சம்?

நீதி. 2009-இல் லைபீரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், போர்க்குற்றங்களுக்கு சிறப்பு நீதிமன்றம் வேண்டும் என்றது. பரிந்துரை கிடப்பில் போடப்பட்டது. டெய்லர் 50 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஆனால் அது பக்கத்து நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்கு. சுவிட்சர்லாந்தும் பிரான்ஸும் தங்கள் மண்ணில் பிடிபட்ட முன்னாள் தளபதிகளைத் தண்டித்தன. லைபீரியாவிலோ ஒருவர்கூட போர்க்குற்றத்துக்காகக் கூண்டில் ஏறவில்லை. முன்னாள் அதிபர் சாமுவேல் டோவை சித்திரவதை செய்த குழுவின் தலைவர் பிரின்ஸ் ஜான்சன், 2005-இல் செனட்டரானார். 2024-இல் இறக்கும் வரை அதே பதவியில் இருந்தார்.

பழைய தளபதிகளைச் சீண்டினால் போர் திரும்பும் என்ற பயம் 2003-இல் நியாயமானது. இன்று அந்தச் சாக்கு எடுபடாது. தேர்தலில் தோற்ற அதிபரே அமைதியாக வீட்டுக்குப் போகும் நாட்டுக்கு, ஒரு நீதிமன்றத்தைத் தாங்கும் வலு இருக்கிறது.

2024 மே மாதம், போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்தை உருவாக்கும் ஆணையில் போவாகாய் கையெழுத்திட்டார். அலுவலகம் என்பது நீதிமன்றம் அல்ல. அதற்கு நீதிபதிகள், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, எல்லாவற்றுக்கும் மேல் பணம் வேண்டும். வீரர்களை அனுப்பியதில் பெருமைப்படும் நாடுகள், இந்தியா உட்பட, இதற்கும் கை கொடுக்க வேண்டும். சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. இன்னும் தாமதித்தால், குற்றவாளியும் இருக்க மாட்டார், கேட்பவரும் இருக்க மாட்டார்.