மண்ணின் தாகம்

லயத்து அறையை விட்டு, ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு காணும் பேறு மலையகத்தில் சிலருக்கேனும் வாய்த்து வருகிறது. 2017 மே 12இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, முன்னரே ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீட்டர். வீடும், மலசலகூடத் தொட்டியும், அதன் நீரை வாங்கும் உறிஞ்சு குழியும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

அங்குள்ள மண் நீரை வாங்குமா என்று அறிவது எளிது. உறிஞ்சு குழி அமையவிருக்கும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, மண்வெட்டி பட்டு வழவழப்பான பக்கங்களைச் சுரண்டிவிடுங்கள். நீர் நிரப்பி ஓர் இரவு ஊறவிடுங்கள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். மாசி மாதத்து உலர்ந்த மண் முதல் வாளியை மடக்கென்று குடித்துவிடும். அது தாகமே தவிர, மண்ணின் குணம் அன்று. மறுநாள் மீண்டும் நீர் விட்டு, அளவுகோலை நட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 25 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலானால் அவ்விடம் உதவாது. ஆனி மழையில் குழி நிரம்பி முற்றத்தில் வழியும்.

ஒரு நிமிடத்துக்குள் இறங்கிவிட்டாலோ? நல்ல மண் என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சரளையில் விரைந்தோடும் நீருக்கு, மண்ணில் வடிந்து தூய்மையாக நேரமில்லை. மேட்டு லயத்தில் மறைந்தது பணிய லயத்துப் பீலியில் வெளிப்படக்கூடும். ஆகவே கடிகாரத்தைப் பார்த்தபின், சரிவில் இறங்கிச் சென்று, அங்கே எவர் குடம் வைத்து நீர் பிடிக்கிறார் என்பதையும் பார்த்து வாருங்கள்.