மலையைச் சுற்றி நான்கு உறுப்பினர்கள்



கொடைக்கானல் கடைவீதியில் வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் சென்ற மாதம் என்னை நிறுத்தி, "ஹஜ்ரத், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் அங்கே போய் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று எங்கே பார்ப்பது?" என்று வினவினார். என்னால் உடனே விடை கூற இயலவில்லை. வெட்கமாகவும் இருந்தது.

நம் சட்டமன்றத்தில் மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. 'ஆம்' என்னும் ஓசை ஓங்கி ஒலித்தால் மசோதா நிறைவேறியது. யார் எப்பக்கம் குரல் கொடுத்தார் என்று பெயர் எழுதப்படுவதில்லை. போதாக்குறைக்கு, 1985 ஆம் ஆண்டின் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் உறுப்பினர் பதவி பறிபோகலாம். ஆதலின் உறுப்பினரின் வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கேயாகும்.

எப்போதேனும் ஒருமுறைதான் தலைகள் எண்ணப்படுகின்றன. 2017 பிப்ரவரி 18 அத்தகைய நாள். எடப்பாடி பழனிசாமி அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. அன்று நம் மலையைச் சுற்றியிருந்தோர் என்ன செய்தனர் என்று பாருங்கள். கொடைக்கானல் வட்டம் அடங்கிய பழனித் தொகுதியின் அன்றைய உறுப்பினர் இ.பெ. செந்தில்குமார், 2016, 2021 ஆகிய இரு தேர்தல்களிலும் வென்றவர். இரகசிய வாக்கெடுப்புக் கோரி எழுந்த அமளியில் தி.மு.க.வினர் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டதால் பழனியின் வாக்கு எப்பக்கமும் விழவில்லை. தென்புறத்துப் போடிநாயக்கனூரின் ஓ. பன்னீர்செல்வம் எதிர்த்து வாக்களித்தார். பெரியகுளத்தின் கதிர்காமுவும் நிலக்கோட்டையின் தங்கதுரையும் ஆதரித்தனர். முஸ்லிம் லீக்கின் ஒரே உறுப்பினரும் காங்கிரசாரும் வெளிநடப்புச் செய்தனர். நமக்கு வேண்டியவர் என்பதற்காக அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பின்னர் நிகழ்ந்ததே விந்தை. எதிர்த்து வாக்களித்தவர் அவ்வாண்டு ஆகஸ்ட் 21 இல் அதே முதலமைச்சரின் கீழ் துணை முதலமைச்சரானார். ஆதரித்து வாக்களித்த இருவரும் ஆளுநரிடம் முதலமைச்சருக்கு எதிராகக் கடிதம் கொடுத்த பதினெண்மரில் அடங்குவர். செப்டம்பர் 18 இல் பேரவைத் தலைவர் தனபால் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பெரியகுளமும் நிலக்கோட்டையும் 2019 ஏப்ரலில் நடந்த இடைத்தேர்தல் வரை பிரதிநிதியின்றிக் கிடந்தன. வாக்கின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களுள் எவரை எடைபோடுவது?

கொடைக்கானலின் பெரிய முடிவுகளோ அவையின் வாக்கெடுப்பில் பிறந்தவையே அல்ல. பிளசன்ட் ஸ்டே விடுதியின் ஏழு தளங்களுக்கு விலக்களித்தது 1994 ஆம் ஆண்டின் அரசாணை. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடர, 1995 இல் உயர்நீதிமன்றம் அதனை நீக்க, உச்சநீதிமன்றமும் அத்தீர்ப்பை ஏற்றது. 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும், 2025 இல் வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 என வாகனங்களுக்கு வரம்பு வந்ததும் உயர்நீதிமன்ற ஆணையால்தான். அந்தப் பெரியவரின் கடை வருவாய் இந்த ஆணையில் இருக்கிறது. அவருடைய பேரப்பிள்ளைகள் குடிக்கும் தண்ணீரும் இம்மலையின் நலத்திலேயே இருக்கிறது. இரண்டையும் அறிந்தே அவர் பேசினார்.

எனவே, உறுப்பினர் கேள்வி நேரத்தில் எதை வினவினார், மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் ஊரைப் பற்றி என்ன பேசினார், தொகுதி மேம்பாட்டு நிதியை எந்தத் தெருவில் செலவிட்டார் என்பவற்றையே தேடுக. பேச்சும் வினாவும் பேரவை நடவடிக்கைக் குறிப்புகளில் பெயரோடு பதிவாகின்றன. நிதிக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்கலாம். பெண்களும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

பெரியவரும் நானும் அமர்ந்து ஒரு மடல் எழுதினோம். அதில் மூன்றே வினாக்கள்: வாகன வரம்பில் தங்கள் நிலைப்பாடு என்ன? மலைக் கட்டட விதிகளைத் தளர்த்துவதை ஆதரிப்பீர்களா? இவ்விரண்டையும் பற்றி அவையில் எந்நாளில் பேசினீர்கள்? தொகுதி உறுப்பினரின் அலுவலகத்திற்கு அதனை அனுப்பியுள்ளார். பதில் வரின் அடுத்த இதழில் இப்பகுதியிலேயே காணலாம்.