எல்லாம் பிரேக் ஆயில்தானா?

சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வந்த நாளாக ஒரே வைத்தியம் வழங்கிவருகிறது: பிரேக் சரியில்லையா, ஏர் எடு, ஆயில் இல்லையா, மோட்டார் பைக்குக்கு ஊற்றுவதையே ஊற்று. இரண்டுமே தப்பு. இரண்டாவது ஆபத்தான தப்பு.

பிரேக் கீச்சிடுகிறது, லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பேடிலோ டிஸ்க்கிலோ எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கிறது. செயினுக்கு அடித்த ஸ்பிரே தெறித்தாலே போதும். டிஸ்க்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பேடை மாற்ற வேண்டும். ஏர் எடுத்து அந்தச் சத்தம் போகாது. லீவர் மெத்தென்று ஹேண்டில்பார் வரை வந்து, இரண்டு மூன்று முறை அமுக்கியதும் கெட்டியானால்தான் உள்ளே காற்று என்று சந்தேகப்பட வேண்டும். ஆயில் அழுத்தத்துக்கு ஒடுங்காது, காற்று ஒடுங்கும். விரல் கொடுக்கும் விசை அதிலேயே தீர்ந்துபோகும்.

“எல்லாம் பிரேக் ஆயில்தானே?” இல்லை. ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். மோட்டார் பைக்கில் ஓடுவது கிளைக்கால் வகையைச் சேர்ந்த டாட் 3, டாட் 4. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் சீல் மற்றதில் ஊறினால் கெட்டுவிடும். ஊற்றிய அன்றே தெரிந்தால் பரவாயில்லை. முதலில் நன்றாகத்தான் பிடிக்கும், கசிவு பிறகு வரும். பெயரைப் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. நெடுங்காலம் டாட் திரவத்தையே நம்பியிருந்த ஸ்ராம், டிபி8, மேவன் பிரேக்குகளில் மினரலுக்கு மாறிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் அலமாரியில் இருப்பது டாட் டப்பாதான்.

“மினரல் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது, அதனால் மாற்றவே வேண்டாம்” என்பது அரைகுறை உண்மை. உள்ளே புகுந்த நீர் ஆயிலில் கலக்காமல் தாழ்ந்த இடத்துக்கு, அதாவது சூடேறும் காலிப்பருக்கே போகும். அங்கே 100 டிகிரியில் ஆவியாகும். புது டாட் 4 திரவமோ 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம்.

ஏர் எடுப்பது வீட்டில் செய்ய முடியாத வேலையும் அல்ல. ஷிமானோவில் சக்கரத்தையும் பேடையும் கழற்றி, அந்த இடத்தில் பிளாக்கைச் செருகி, லீவரை மட்டமாக்கிப் புனலை மாட்ட வேண்டும். காலிப்பர் நிப்பிளில் சிரிஞ்சைப் பொருத்தி ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்றும் மேல்நோக்கித்தான் போகும். ஹோஸை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டத் தட்ட, ஒட்டிக்கிடந்த குமிழிகள் புனலில் வந்து உடையும்.

டப்பாவைத் திறக்கும் முன் லீவர் மூடியைப் பாருங்கள். எந்த ஆயில் என்று பெரும்பாலும் அங்கேயே பொறித்திருக்கும். இல்லையென்றால் மாடல் எண்ணைக் கொண்டு கையேட்டில் தேடுங்கள், அதுவரை எதையும் ஊற்றாதீர்கள்.