குட்டி நடிகரின் சம்பளம் யாருக்கு?

கோவளம், முட்டுக்காடு பக்கம் பங்களாக்களில் ஷூட்டிங் நடப்பது எங்கள் திருப்போரூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. "5 முதல் 10 வயதுக் குழந்தைகள் தேவை" என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் மெசேஜ்தான் புதிது. 'நம்ம பொண்ணு நல்லா டயலாக் பேசுவாளே, அனுப்பலாமா?' என்று எங்கள் தெருவில் ஒரு அம்மா கேட்டார். தாராளமாக அனுப்பலாம். ஆனால், சம்பளம் யார் பெயரில் வரும் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள் என்றேன்.

ஜாக்கி கூகனின் கதை தெரிந்தால் நீங்களும் கேட்பீர்கள். 1921-ல் வந்த சாப்ளினின் 'தி கிட்' படத்தில் நம்மை அழவைத்த அந்தப் பொடியன்தான். சிறுவனாக அவர் சம்பாதித்தது 30, 40 லட்சம் டாலர் இருக்கும் என்பார்கள். வளர்ந்து பார்த்தால் அம்மாவும் மாற்றுத் தகப்பனும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938-ல் பெற்ற தாய் மீதே வழக்குப் போட்டார். கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். பிள்ளையின் சம்பளம் பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய சட்டம்! அந்த அதிர்ச்சியில்தான் 1939-ல் கலிபோர்னியாவில் புதுச் சட்டம் வந்தது. இன்று அங்கே 15 சதவீதம் குழந்தைக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

சினிமா என்றால் சில வாரங்களில் முடியும். டி.வி. தொடர் அப்படியில்லை. 'தி ரைபிள்மேன்' என்ற அமெரிக்க கௌபாய் தொடரில் மகனாக நடிக்க ஆரம்பித்தபோது ஜானி கிராஃபோர்டுக்கு 12 வயது. 168 எபிசோடுகள் ஓடி 1963-ல் முடிந்தபோது 17. எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பையன்தான். ஆனால் மீசை முளைக்கும் வயதுவரை அவன் வளர்ந்ததே கேமரா முன்னால்.

நம்மூரில் 1965-ல் ஏவி.எம்.மின் 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் இரட்டை வேடத்தில் கலக்கிய குட்டி பத்மினி, பிறகு 'கிருஷ்ணதாசி' போன்ற சீரியல்களைத் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தார். 'களத்தூர் கண்ணம்மா' கமலோ நடுவில் நாடகக் குழு, நடனம் என்று சுற்றிவிட்டுத்தான் திரும்ப வந்தார். எல்லாருக்கும் அந்த இரண்டாவது இன்னிங்ஸ் கிடைப்பதில்லை.

நம் நாட்டிலும் 2017 முதல் விதிகள் இருக்கின்றன. 14 வயதுக்குட்பட்ட குழந்தையை நடிக்கவைக்க, படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் கலெக்டரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். கோவளத்தில் ஷூட்டிங் என்றால் செங்கல்பட்டு கலெக்டர். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. பள்ளிப் பாடம் விட்டுப்போகாமல் ஏற்பாடு வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரிலேயே ஃபிக்சட் டெபாசிட்டாகப் போக வேண்டும். மேஜரானதும் அதற்கே கிடைக்கும்.

20 சதவீதம் குறைவு என்பது என் கட்சி. வீட்டில் முடியும் என்றால் பாதியைப் போடுங்கள். குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்கவைக்கக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. 'நாளைக்கு வரல' என்று அழுதால், அட்வான்ஸ் வாங்கியாச்சே என்று இழுத்துப்போகாதீர்கள். நடிக்கவைக்க உங்களிடமே பணம் கேட்டால், அந்த நம்பரை அப்போதே பிளாக் செய்யுங்கள்.

அப்புறம், கந்தசாமி கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் கால்ஷீட் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாதி ஷெட்யூலில் மொட்டைத் தலையோடு போய் நின்றால் டைரக்டர் மயங்கி விழுந்துவிடுவார்!